இருபத்து மூன்றாம் டோக்கன்

எங்கள் இதய டாக்டரின் கிளினிக் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கீழே செருப்புக் கடை, அதற்கு மேலே கம்ப்யூட்டர் வகுப்பு, அதற்கும் மேலே டாக்டர். லிஃப்ட் கிடையாது. மொத்தம் நாற்பத்து நான்கு படி. இதயத்தில் கோளாறு உள்ளவர்களை இப்படி ஏறவைப்பது எந்த ஊர் நியாயம் என்று டோக்கன் அக்காவிடம் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏறி வந்துட்டீங்க இல்ல? பாதி பயம் போயிருக்குமே," என்றார்.

அந்தக் கிளினிக்கின் வாசல் மேசையில் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். மேசையில் ஒரு தொலைபேசி, ஒரு நோட்டு, வட்டமான பிளாஸ்டிக் டோக்கன்கள் போட்ட ஒரு தகர டப்பா. டாக்டருக்குத் தலை நரைத்ததே அக்காவின் கண் முன்னால்தான். வருகிறவர்கள் டாக்டருக்குப் பயப்பட மாட்டார்கள், அக்காவுக்குப் பயப்படுவார்கள்.

தொலைபேசியில் வரும் கேள்விகளைக் கேள்வியாலேயே திருப்பி அனுப்புவதுதான் அவர் வேலையில் பாதி. ஒருவர் கேட்பார், இடது கை மரத்துப்போகிறது, ஹார்ட்டா என்று. "எந்தப் பக்கம் சாஞ்சு தூங்குனீங்க?" என்பார் அக்கா. இடது பக்கம். இன்னொருவருக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். "இன்னிக்கு எத்தனை காபி?" ஆறு. "சரி, ரெண்டோட நிறுத்துங்க. அப்பவும் அடிச்சா வாங்க, டோக்கன் போடறேன்." ஆனால் எதிர்முனையில் யாராவது நெஞ்சை அழுத்துகிறது, வியர்க்கிறது என்று சொல்லிவிட்டால் அவர் குரலே மாறிவிடும். "ஃபோனை வைங்க. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. இங்க வராதீங்க, இங்க நாப்பத்து நாலு படி!"

நேரில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. "நெஞ்சு வலிக்குதா?" ஆமாம் என்றால் டோக்கன் கிடையாது. உள்ளே யார் இருந்தாலும் சரி, அக்காவே எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுவார். இல்லை என்றால் டோக்கன், வரிசை. கட்டடத்தின் சொந்தக்காரரே ஒருநாள் இருபத்தேழாம் டோக்கனை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் வகுப்புப் பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "வரிசைன்னா வரிசை," என்பது அக்காவின் ஒரே வேதம்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், வெள்ளிக்கிழமைகளில் வருகிறேன்.

இரண்டு தெரு தள்ளி எனக்கு ஃபேன், மோட்டார் ரிப்பேர் கடை. ஓடுகிற மோட்டாரின் சத்தத்தை வைத்தே எது போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என் நெஞ்சுக்குள் ஓடுவதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பத்து வருடத்தில் எத்தனை இசிஜி என்று என் ஃபைல்தான் சொல்லும், அத்தனையும் நார்மல். ஒவ்வொரு முறையும் டாக்டர் சிரித்துக்கொண்டே பேப்பரைக் கொடுப்பார். நான் அழாத குறையாக வாங்கிக்கொள்வேன். அக்கா எனக்கு வைத்த பெயர் வெள்ளிக்கிழமை. "வாங்க வெள்ளிக்கிழமை, இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்பார். மானம் கப்பலேறும்.

ஏன் வெள்ளிக்கிழமை என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாயுடா, ஒரு சோடா வாங்கிட்டு வா," என்றான். நானும் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தேன். குடித்துவிட்டுப் படுத்தான், எழுந்திருக்கவில்லை. நாற்பத்து நான்கு வயது. சோடா வாங்க ஓடிய அந்தக் காலோடு ஒரு ஆட்டோ பிடிக்க ஓடியிருக்கலாம். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டபாடில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் நெஞ்சு வலி என்று சொல்லி உள்ளே புகுந்துவிட்டேன். எனக்கு முன்னால் இருந்த பெரியவர், நிஜமான நோயாளி, மூச்சு வாங்க வெளியே நின்றார். உள்ளே டாக்டர் என் தோளை அமுக்கிப் பார்த்து, "நேத்து மோட்டார் ஏதாவது தூக்கினீங்களா?" என்றார். தூக்கியிருந்தேன். நான் வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"இன்னொரு தடவை சும்மா நெஞ்சுவலின்னு சொன்னீங்க, இந்தப் படி ஏறக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அன்றிலிருந்து, "வலி இல்ல, ஒரு மாதிரி இருக்கு," என்று நயமாகச் சொல்லி, டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார ஆரம்பித்தேன். காத்திருக்கும் நேரத்தில் அங்கே மேசையில் அடுக்கியிருக்கும் துண்டுப் பிரசுரங்களை ஒன்று விடாமல் படித்து முடித்தேன். தினமும் அவற்றைத் தூசி தட்டி அடுக்கி வைப்பது அக்கா. படிக்கிற ஒரே ஆள் நான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குப் படியேறினேன். எனக்கு முன்னால் அக்கா ஏறிக்கொண்டிருந்தார். இருபத்தோரு வருடமாக ஒரே மூச்சில் ஏறுகிறவர், கம்ப்யூட்டர் வகுப்பு வாசலில் நின்றார். மேலே ஏறி, மறுபடி நின்றார். என்ன அக்கா என்றேன். "பல்லு," என்று தாடையைப் பிடித்துக் காட்டினார். "மூணு நாளா. பல் டாக்டர்கிட்ட போனேன். பல்லு நல்லாத்தான் இருக்காம். அவருக்கு என்ன தெரியும்?"

ஆறரை மணிக்குப் பதினேழாம் நம்பரைக் கூப்பிட்டார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் பதினேழு என்றார். பதினேழாம் நம்பர் டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே போயிருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபேன் நேராக அவர் முகத்துக்கு ஓடுகிறது. நானே ரிப்பேர் செய்து கொடுத்த ஃபேன், நல்ல காற்று. அதற்கு எதிரே உட்கார்ந்து அக்காவுக்கு நெற்றியில் வியர்வை வழிகிறது. உதடு வெளுத்திருக்கிறது.

கிட்டே போனேன். "அக்கா, முதுகு வலிக்குதா? வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"காலையிலேர்ந்து. சாப்பிட்டது ஒத்துக்கல."

"அக்கா, உள்ள போங்க."

"போகத்தான் போறேன். நானும் டோக்கன் போட்டுட்டேன்." உள்ளங்கையைத் திறந்து காட்டினார். இருபத்து மூன்று.

"இப்ப பதினெட்டுதான் ஓடுது!"

"அதுக்கென்ன? எனக்கு நெஞ்சு வலி இல்லையே. வரிசைன்னா வரிசை."

மேசையிலிருந்து அந்தப் பிரசுரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முக்கியமாகப் பெண்களுக்கு, நெஞ்சு வலியே இல்லாமல் தாடை, முதுகு, மூச்சு, வாந்தி, அசதி என்றும் வரலாம் என்று மூன்றாவது பத்தியில் பெரிய எழுத்திலேயே போட்டிருந்தது. அதைப் பார்க்காமலேயே வாங்கி, பழக்கதோஷத்தில் தூசி தட்டி, அடுக்கில் திரும்ப வைத்தார்.

"உங்களுக்கு இல்லாத வியாதிய எனக்குக் கொடுக்காதீங்க, வெள்ளிக்கிழமை. போய் உக்காருங்க."

வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்றால், எல்லார் முகத்திலும் இளிப்பு. பத்து வருடமாகப் புலி வருகிறது என்று கத்தியவன் பேச்சை யார் கேட்பார்கள்? தொலைபேசி அடித்தது. அக்கா எடுக்கக் கை நீட்டினார். கை பாதியிலேயே நின்றது. அண்ணன் படுத்திருந்த கட்டில் என் கண் முன்னால் வந்தது.

நான் சத்தியத்தை மீறினேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கட்டடமே அதிர, "அக்கா! நெஞ்சு வலிக்குது!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை வெறுப்பு. நம்பவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் நெஞ்சு வலி என்று ஒருவன் சொல்லிவிட்டால் கதவைத் திறக்க வேண்டும், அது அவர் போட்ட சட்டம். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஐந்து அடி நடந்தார். கதவைத் திறந்தார். நான் பின்னாலேயே போய், அவரையும் சேர்த்து உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"எனக்கில்ல டாக்டர். இவங்களுக்கு."

டாக்டர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் அத்தனை முறை படுத்த அதே கட்டிலில் அக்காவைப் படுக்க வைத்தார்கள். அந்த இசிஜி மெஷின் இத்தனை வருடத்தில் எனக்குத் தராத கோட்டை அவருக்கு ஒரே நிமிடத்தில் தந்தது. வாயில் ஒரு மாத்திரையைப் போட்டு மென்று விழுங்கச் சொன்னார் டாக்டர். ஆம்புலன்ஸ் வந்தது. நாற்பத்து நான்கு படியும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இறக்கினோம். முன்கால் இரண்டையும் நான்தான் பிடித்தேன். வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். "பத்தொன்பதைக் கூப்பிடச் சொல்லுங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு அடைப்பு என்றார்கள். இருபத்து மூன்றாம் டோக்கன் வரும்வரை உட்கார்ந்திருந்தால் பேச்சே இல்லை என்றும் சொன்னார்கள். அக்காவின் தங்கைதான் இதை எனக்கு வந்து சொன்னாள். கூடவே ஏன் வெள்ளிக்கிழமை என்று அக்கா கேட்கச் சொன்னாராம். சொல்லி அனுப்பினேன். அன்று கடை ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன், அக்காவுக்காகவா அண்ணனுக்காகவா என்று தெரியவில்லை.

நேற்று அக்கா வேலைக்குத் திரும்பினார். இளைத்திருந்தார். ஆட்டோவில் வந்து, படிக்குப் பத்து வினாடி என்று நின்று நின்று ஏறினாராம். நான் மேசை முன்னால் போய் நின்றேன். சத்தியம் நினைவிருந்தது, ஏறக் கூடாது என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லக்கா."

"தாடை? முதுகு? மூச்சு? வாந்தி?"

"எதுவும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க? இன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்ல."

"உங்களப் பாத்துட்டுப் போகலாம்னு."

"அதுக்கு மட்டும் வரிசை கிடையாதா?" என்றபடி டப்பாவைத் துழாவி ஒரு டோக்கனை எடுத்து என் கையில் வைத்தார். இருபத்து மூன்று. "ஆம்புலன்ஸ்லகூட விடலையாம் நான். பத்திரமா வச்சுக்கோங்க, உங்களோடது."

போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. பத்து வருடத்தில் முதல் தடவையாக அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.