வெள்ளவத்தையில் ஆலங்கட்டி விழுந்த ஞாயிறு

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஒடுக்கமான ஒழுங்கையில் அறை எடுத்து நானும் அம்மாவும் இருந்தோம். கனடா மாப்பிள்ளைக்குச் சம்மதமா இல்லையா என்று நான் சொல்ல வேண்டிய கடைசி ஞாயிறு அது. படத்தில் மட்டும் பார்த்த மனுசன். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கை முகப்பிலிருந்த தொலைபேசிக் கடைக்கு அழைப்பு எடுப்பார். எடுத்து என்ன கேட்பார்? "சுகமா இருக்கிறீங்களோ? அங்க வெயிலோ?" அவ்வளவுதான். வானொலியில் வானிலை அறிக்கை வாசிக்கிறவரையா நான் கட்டப்போகிறேன் என்று எரிச்சலாக இருக்கும்.

"இண்டைக்கு முடிவைச் சொல்லிப்போடு பிள்ளை," என்று அம்மா வாசல்வரை வந்து சொன்னார். மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன்.

சித்திரை மாதம். ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது தொடங்காத இடைவெளி. பெயருக்கும் காற்றில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. அந்த வெக்கைதான் கடலின் ஈரத்தை மேலே மேலே, நீர் உறைகிற உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது என்று பின்னாளில் வாசித்தேன். அன்று நான் கண்டது கிழக்கே எழும்பி வந்த மேகத்தை மட்டும். அடி கறுப்பு, உச்சி வெள்ளை. பட்டப்பகலில் ஒழுங்கை முழுக்க ஒரு பச்சை வெளிச்சம் இறங்கியது. காகங்கள்கூடக் கத்தவில்லை. கனவில் நடப்பதுபோல நடந்து கடைக்குள் போனேன்.

தொலைபேசி அடித்தது. "அங்க வெயிலோ?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, தகரக் கூரையில் படபடவென்று விழத் தொடங்கியது.

"யா அல்லாஹ், ஐஸ் உழுகுது!" என்று கடைக்கார நானா வெளியே ஓடினார்.

"படு!" என்று என் காதுக்குள் ஒரு கத்தல். "நிலத்தில படு! சுவரோட ஒட்டிப் படு!"

"ஐயோ, வெடி இல்லை. ஐஸ் கட்டி விழுது."

"கொழும்பிலயோ? பயத்தில அலட்டாத. படு எண்டுறன்!"

இத்தனை வாரமும் வாங்கோ, போங்கோ என்று கதைத்த மனுசன்! எனக்குக் கோபமே வரவில்லை. அந்தக் குரல் நடுங்கியது. ரிசீவரைக் காதோடு பிடித்தபடி படுத்தேன். கதவுக்குக் கீழால் வெள்ளைக் கட்டிகள் உருண்டுவந்து முழங்கையில் முட்டின. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இந்தச் சூட்டில் எங்கிருந்தடா இந்தக் குளிர் என்று பல் கூசியது.

"படுத்திட்டியோ?"

"ஓம்."

"காயம் ஒண்டும் இல்லையே?"

"இல்லை."

மூச்சு வாங்குவது கேட்டது. அழுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் படித்த படிப்பும் பார்க்கும் வேலையும் சொல்லாத ஏதோவொன்றை அந்த அழுகை சொன்னது. கூரைச் சத்தம் மெல்லத் தளர்ந்து வெறும் மழையாகிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சம்மதம்," என்றேன்.

"என்னத்துக்கு?"

"கலியாணத்துக்கு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி," என்றார். "ஆனா இப்ப எழும்பாத."