டாங்கியில் ஒட்டிய வேல்

ஊரப்பாக்கம் வீட்டில் என் மகன் பட்டாளத்து டாங்கி பொம்மைக்குப் பெயிண்ட் அடித்து, நனைத்து ஒட்டும் நட்சத்திர ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டான். பெயிண்டில் கலந்த தின்னர் வாசம் ஏறியதும் பழைய கோபம் பற்றிக்கொண்டது.

அப்பா பட்டாளத்தில் இருந்தார். சின்ன வயதில், செங்கல்பட்டு வீட்டில், அவர் செய்து கொடுத்த மர டாங்கியில் நான் வேல் ஸ்டிக்கரை இப்படித்தான் நனைத்து ஒட்டினேன். முருகன் அப்பாவுக்குத் துணையிருப்பான் என்ற நம்பிக்கை.

சித்தப்பா அதைப் பிளேடால் சுரண்டினார். "பட்டாளத்து வண்டில சாமிக்கு இன்னாடி வேலை?"

அப்புறம் சண்டையில் ஒரு காலை விட்டுவிட்டு அப்பா திரும்பினார். "உன் முருகன் எங்கடி போய்ட்டான்?" என்று குத்தலாகக் கேட்டார் சித்தப்பா. 'நீதானே சுரண்டின' என்று மனசுக்குள் மட்டும் கத்தினேன்.

"நட்சத்திரம் கோணலா கீதும்மா. சுரண்டிடவா?" என்றான் மகன், கையில் பிளேடோடு.

"கீழ வைடா அத!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.