பனிக்கடலில் என்னைக் கவிழ்த்தவனும் காத்தவரும்

ஆண்டவரில் அன்பான உறவுகளே, இதைச் சொல்ல எனக்குப் பத்து மாதம் எடுத்தது. மறந்ததால் அல்ல. சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்ற பயத்தால்.

சென்ற ஓகஸ்ட் மாதம் நானும் என் நண்பனும் அலாஸ்காவுக்குப் போனோம். அவன் பெயரைச் சொல்லமாட்டேன். இருபத்திரண்டு வருட நட்பு. என் மூத்த மகளுக்கு ஞானத்தந்தை அவன்தான். பனிமலை கடலுக்குள் இறங்கும் ஒரு குடாவில், கயாக் என்னும், இருவர் இருக்கும் ஒடுங்கிய துடுப்புப் படகில் ஐந்து நாள் பயணம். இரவில் கரையில் கூடாரம். கெலி என்ற வழிகாட்டிப் பெண் எங்கள் எட்டுப் பேரையும் கூட்டிச் சென்றாள்.

எனக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். ஒன்பது வயதில் மன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் படகில் தப்பியோடியபோது, எங்களுக்குப் பக்கத்தில் வந்த படகு கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். இதை என் மனைவிக்கும் அவனுக்கும் மட்டுமே சொல்லியிருந்தேன். வரமாட்டேன் என்று மறுத்தேன்.

"நான் பின் சீற்றில இருப்பன். உன்னை விட்டிட்டுப் போவனே?" என்றான்.

அந்தச் சொல்லை நம்பித்தான் போனேன்.

முதல் இரண்டு நாளும் நல்லாகவே போயின. திமிங்கிலம் மூச்சு விடும் சத்தத்தை அருகில் கேட்டேன். கரடி வரும் என்று சாப்பாட்டையெல்லாம் கூடாரத்துக்குத் தூரத்தில் பூட்டி வைத்தோம். என் பயம்கூடக் கொஞ்சம் விட்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, மிதந்து வந்த பெரிய பனிப்பாறையில் சீல் என்னும் கடல்நாய் ஒன்று தன் குட்டியோடு படுத்திருந்தது. கிட்டப் போகக்கூடாது, பனிப்பாறை எந்த நேரமும் புரளும் என்று கெலி முன்னமே சொல்லியிருந்தாள். ஆனால் படகைத் திருப்புவது பின்னால் இருப்பவன். அவன் பாறையின் மறுபக்கமாகத் திருப்பினான். மற்றவர்கள் எங்கள் கண்ணுக்கு மறைந்தார்கள்.

"வேண்டாமடா" என்றேன்.

"ஒரு வீடியோ மட்டும், மச்சான்."

கைப்பேசியோடு ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்தான். படகு கவிழ்ந்தது.

தலைகீழாகத் தண்ணீருக்குள் தொங்கினேன். படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி ஒரு துணி இறுக்கிப் பூட்டியிருக்கும். அதன் முன்னாலுள்ள பட்டியை இழுத்தால்தான் வெளியே வரலாம். குளிரில் விரல்கள் விறைத்துவிட்டன. பட்டி அகப்படவில்லை. மனதுக்குள் கத்தினேன்: "யேசுவே, என்னைப் பிள்ளையளிட்டக் கொண்டுபோய் விடும்!"

அந்தக் கணமே பட்டி என் கையில் தட்டுப்பட்டது. எப்படி என்று இன்றும் தெரியாது. இழுத்தேன். வெளியே வந்தேன்.

அவன் அங்கே இல்லை. நீந்திப் போய், எங்களைத் தேடி வந்த இன்னொரு படகைப் பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பியும் பார்க்கவில்லை. கெலிதான் வந்து என்னைத் தூக்கினாள்.

கரையில் என்னைப் போர்த்தி இருத்திவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்குப் பல் கிட்டி வார்த்தை வரவில்லை. அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். எனக்குச் சிறுவயதிலிருந்தே தண்ணீர்ப் பயமாம். பதறிப் படகை ஆட்டிக் கவிழ்த்துவிட்டேனாம். நான் நம்பிச் சொன்ன இரகசியத்தையே எடுத்து என்னைக் குத்தினான்.

அதோடு விடவில்லை. நாங்கள் வாழும் ரொறன்ரோவுக்குத் திரும்பியதும், வெக்ஸ்போர்ட் பகுதியில் நடக்கும் எங்கள் செபக்கூட்டத்தில் எழுந்து, என்னைக் காப்பாற்ற ஆண்டவர் தன்னைப் பாவித்ததாகச் சாட்சி சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு அன்ரி என் தோளைத் தட்டி, "இப்பிடி ஒரு சிநேகிதன் கிடைக்கக் குடுத்து வைச்சிருக்கவேணும், தம்பி" என்றார். அந்தப் பனித்தண்ணீர்கூட என்னை அப்படி நோகச் செய்யவில்லை.

செபக்கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். 'ஆண்டவரே, அவனை வெட்கப்படுத்தும்' என்று மாதக்கணக்காக மன்றாடினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பக்கத்து நகரான விட்பியில் அவன் வீட்டுக்கே போனேன்.

"ஏன்டா அப்பிடிச் சொன்னனீ?"

"அந்த நேரம் வாயில வந்திட்டுது. இனி மாத்திச் சொன்னா சனம் என்ன நினைக்கும்? நீ உயிரோடதானே இருக்கிறாய். விடன்."

தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "தண்ணிக்குள்ள ஆரைக் கூப்பிட்டனீங்கள்?" என்றாள்.

"யேசுவை."

"வந்தவரோ?"

"ஓம். வந்தவர்."

"அப்ப அதைப் போய்ச் சொல்லுங்கோ. அவர் செய்ததுக்கு ஆரோ பேர் எடுக்க, நீங்கள் வாய்மூடி இருக்கிறியள்."

அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். எங்கள் செபக்கூட்டத்தில்கூடப் பின்வரிசையில் இருந்து ஒரு வார்த்தை பேசாதவன் நான். அவனை முழுதாக மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அவன் பெயரைச் சொல்லித் தினமும் செபிக்கிறேன். சில நாள் அந்தப் பெயரைச் சொல்ல மனம் வருவதில்லை. அந்த வேதனையையும் ஒளிக்காமல் ஆண்டவரிடமே கொடுக்கிறேன். கோபத்தை வைத்துக்கொண்டே அவரோடு பேசலாம் என்று இப்போது தெரிகிறது.

கூட வந்தவர் விட்டுப்போன இடத்தில் உங்களில் யாராவது தனியே நின்றால், போனவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். ஆண்டவரைக் கூப்பிடுங்கள். உங்கள் பக்கம் யாரும் இல்லாத நேரத்திலும் அவர் வருவார். என்னிடம் வந்தார்.