பொய்த் தாழ்ப்பாள்

நாங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் மறதி நோய்க்காரர்களே அதிகம். நான் துணி துவைக்கிறவள். குளிப்பாட்டுவது அக்காவின் வேலை. வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். முன்பு துணிக்கடையில் இருந்தவள். போட்டுப் பார்க்கும் அறைக் கதவை வெளியே பிடித்துக்கொண்டு நின்றே பாதி வயசு போச்சு என்பாள்.

இல்லத்தில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு மகன் பெயர்கூட நினைவில் இல்லை. ஆனாலும் தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக்குள் போக மாட்டார். யாரோ பூட்டிக்கொண்டு உள்ளே விழுந்ததிலிருந்து எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டிருந்தார்கள். பிடித்து இழுத்தால் டீச்சர் கடித்தார்.

"இப்படியே போனா மாத்திரை குடுத்துதான் அடக்கணும்" என்றார் மேனேஜர். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட மாட்டார்கள்.

அக்கா பழைய தாழ்ப்பாள் ஒன்றைக் கொண்டுவந்து கதவில் திருகினாள். அது போய் மாட்டிக்கொள்ள நிலைச்சட்டத்தில் ஓட்டை கிடையாது. டீச்சருக்கு அது தெரியவில்லை. உள்ளே போனார், தாழ்ப்பாள் போட்டார், குளித்தார். அக்கா வெளியே நின்று, "டீச்சர், முதுகு தேய்க்க வரட்டுமா?" என்பாள். சில நாள் "அப்புறம் வா" என்று பதில் வரும். கதவு திறந்தேதான் இருக்கிறது என்று தெரிந்தும், அக்கா அப்படியே நிற்பாள். மாத்திரைப் பேச்சு அடங்கியது.

மேனேஜருக்குப் பெருமை தாங்கவில்லை. இடம் பார்க்க வந்த ஒரு குடும்பத்தை அந்தக் கதவுக்கே கூட்டி வந்தார். அக்கா துண்டு வாங்க, எதிரே துணி துவைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்திருந்த நேரம்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டதா அவங்க நினைச்சுக்குவாங்க. ஆனா பாருங்க" என்று ஒரு விரலால் தள்ளினார்.

டீச்சர் சோப்பு நுரையோடு நின்றார். கத்தவில்லை. கையால் மறைக்கவும் இல்லை. வந்தவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஓடிவந்த அக்கா கதவைச் சாத்தினாள். மேனேஜரை நாலு வார்த்தை கேட்பாள் என்று பார்த்தேன், கேட்கவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. போய் மிச்சத் துணியைப் பிழிந்தேன்.

மறுநாள் காலை, சாப்பிட்டதையே மறந்து இன்னொரு முறை சாப்பாடு கேட்டார் டீச்சர். குளிக்கக் கூப்பிட்டதும் நடைவழியிலேயே, எல்லார் முன்னாலும், நைட்டியைக் கழற்ற ஆரம்பித்தார். அக்கா துண்டைப் போர்த்தினாள்.

"உள்ள போயிடலாம் டீச்சர். தாழ்ப்பாள் இருக்குல்ல?"

"அது எதுக்கும்மா?" என்று டீச்சர் துண்டை எடுத்து, ஒழுங்காக மடித்து, அவள் கையிலேயே கொடுத்தார்.

அன்றிலிருந்து அவரை யார் வேண்டுமானாலும் குளிப்பாட்டலாம்.