கடைசி நிலத்துக்குத் தண்ணீர்

பெரியப்பா உடையப்பனின் மகன் சோலைமுத்து அண்ணன், மெட்ராஸ் கல்லூரியில் கம்ப்யூட்டர் ஓட்டிய மனுஷன். அறுபத்தேழில் இதைச் சொன்னால் சின்னாளப்பட்டிப் பக்கம் யாருக்குப் புரியும்? அறை முழுக்க மிஷினாம். கணக்கை அட்டைகளில் ஓட்டை போட்டுக் கொடுத்தால், கம்பைலர் என்று ஒன்று அதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுமாம். தப்பு இருந்தால் திருப்பித் தள்ளிவிடுமாம். பெரியப்பா டீக்கடை டீக்கடையாகப் பீற்றிக்கொண்டு திரிந்தார்.

எங்களுக்கு ஒரே கிணறு, மூன்று பங்கு: பெரியப்பா, எங்கள் அப்பா, புருஷனை இழந்த ராமுத்தாய் சித்தி. சித்தியின் நிலம் கடைசியில் இருந்ததால் அவள் முறைக்கு மட்டும் மோட்டார் கூடுதலாக ஓடும். பெரியப்பாவுக்கு அது கண்ணை உறுத்தியது.

"யாருக்கு எம்புட்டு நெலம், என்ன வெள்ளாம, எல்லாத்தையும் மிசின்ல போட்டு நேரத்தப் பிரிடா" என்றார்.

அண்ணன் போட்டார். கம்பைலர் ஒரு தப்பும் சொல்லவில்லை. வந்த கணக்கில் சித்தியின் நேரம் குறைந்திருந்தது. "படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் தலையாட்டிவிட்டாள்.

கோடை லீவில் அண்ணன் வந்தபோது சித்தியின் கத்தரிச்செடிகள் கருகிக் கிடந்தன. பதறிப்போய், அவள் முறையன்று வாய்க்காலில் தண்ணீர் கூடவே நடந்தார். காய்ந்த மண் குடித்ததுபோக, தண்ணீர் அவள் நிலத்தை எட்டவே பாதி நேரம் போய்விட்டது. அந்த நேரத்தை அண்ணன் கணக்கில் சேர்க்கவே இல்லை! எழுதியதில் பிழை இருந்தால் கம்பைலர் சொல்லும். எழுதாமல் விட்டது அதற்கு எப்படித் தெரியும்? வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"தப்பு என்னுதுப்பா. சித்திக்குப் பழைய நேரத்தையே குடுத்துருவோம்."

பெரியப்பா சிரித்தார். "மிசினே தப்பில்லேன்னுருச்சு. அதுக்கு மேல நீ யாருடா?"

எங்கள் அப்பா வாயில் கொழுக்கட்டை. சித்தியிடம் பிடுங்கிய நேரத்தில் பாதி அவருக்குத்தானே வந்தது! பெற்ற அப்பாவென்றும் பார்க்காமல் அன்றைக்கு அவரை வெறுத்தேன்.

அண்ணன் சித்தி காலில் விழுந்தார்.

"ஐயய்யே, எந்திரிப்பு! ஓங் கணக்குல தப்பிருக்காது. என் மண்ணுதான் பாவி மண்ணு, அம்புட்டுத் தண்ணியும் குடிக்குது."

அவர் எவ்வளவோ சொல்லியும் அவள் நம்பவில்லை. மறு வருஷம் நிலத்தை விற்றுவிட்டு கொடைரோட்டுக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டாள். வாங்கியவர் பெரியப்பா. அங்கே விளைந்த எதையும் அண்ணன் கடைசிவரை சோற்றுக்கு வெஞ்சனமாகக்கூடத் தொடவில்லை.

வாங்கிய பிறகு அந்த நிலத்துக்கு முதல் தண்ணீர் விட்ட அன்று, கணக்கு நேரம் முடிந்ததென்று மோட்டாரை நிறுத்தப் போன எங்கள் அப்பாவைப் பெரியப்பா தடுத்தார்.

"செத்த நேரம் ஓடட்டும்டா. வாய்க்கா நனைய வேணாமா?"