மணியின் கால் போனது, மணி இருக்கிறான்

எங்கள் நாய் மணிக்கு இப்போது மூன்று கால்கள்தான். இதைச் சொல்லும்போதே மனம் கனக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன தவக்காலத்தில் ஒருநாள், பொன்மலையில் எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. நான் கேட்டைத் திறந்த நேரம் பார்த்து மணி தெருவுக்கு ஓடினான். எதிரே வந்த வேனின் சக்கரம் அவன் பின்னங்காலில் ஏறிவிட்டது. அவன் கத்திய கத்தலில் எதிர்வீட்டார் ஓடிவந்தார்கள்.

மணியைக் குட்டியாகத் தூக்கிவந்து வளர்த்தவர் என் கணவர் அந்தோணி. ரயில்வே பணிமனையில் வேலை. அன்று துறையூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பழைய புடவையில் மணியைச் சுற்றி, ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் ஒரே செபம்தான்: "மாதாவே, அவன் காலை மட்டும் காப்பாத்திக் குடும்மா."

மருத்துவர் பார்த்ததும் தலையை ஆட்டினார். "எலும்பு நொறுங்கிப் போச்சும்மா. காலை எடுத்தாத்தான் பிழைக்கும்."

கணவருக்குப் போன் போட்டேன். "நான் கிளம்பிட்டேன். வர்ற வரைக்கும் கால்ல கை வைக்க விடாத" என்றார்.

"ரத்தம் நிக்கல. அவர் வர்ற வரைக்கும் தாங்காதும்மா" என்றார் மருத்துவர்.

நான் சம்மதித்துவிட்டேன்.

கணவர் வந்து, கால் எடுத்த இடத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். "இப்படி நொண்ட விடுறதுக்கு ஊசி போட்டு ஒரேயடியா அனுப்பியிருக்கலாம்" என்றார். அதன்பின் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மணி படுத்திருந்த பக்கமே போகவில்லை.

மணியும் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான். பால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். எழப் பார்த்துச் சாய்ந்து விழுவான். பிறகு எழப் பார்ப்பதையே விட்டுவிட்டான். நான் செய்தது பாவமோ என்று கலங்கினேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போனேன். கால் போனதே என்று அங்கே அழவில்லை. "ஆண்டவரே, அவனுக்கு வாழ ஆசை கொடுங்க. என் வீட்டுக்காரருக்கு அவனைப் பார்க்கத் தைரியம் கொடுங்க." அவ்வளவுதான் கேட்டேன்.

வீடு திரும்பினால், கணவர் வாசலில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். மணி அவர் கையிலிருந்த தயிர் சாதத்தை நக்கிக்கொண்டிருந்தான்.

"என் வண்டிச் சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்துட்டான்டி. விழுந்து விழுந்து வந்தான்." மறுகையால் மணியின் தலையைத் தடவினார். "உன்னை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

இப்போது மணி தெருமுனைவரை ஓடுகிறான். வெகுநாளாக விட்டுப்போயிருந்த செபமாலையை இருவரும் சேர்ந்து சொல்கிறோம்.

வருத்தம் போய்விட்டது என்றால் பொய். காது அரித்தால் மணி அந்த இல்லாத காலால்தான் சொறியப் பார்க்கிறான். தொடை இருந்த இடத்தில் தோல் மட்டும் துடிக்கும். கேட்டைச் சாத்தியிருக்கலாமே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

என் அன்பியச் செபக்குழுச் சகோதரிகளே, கேட்டது கேட்டபடி கிடைக்காமல் போகலாம். ஆனாலும் கேளுங்கள், அழுதுகொண்டாவது கேளுங்கள். ஆண்டவர் நம்மை விட்டுவிடுவதில்லை. மணியின் காதை இப்போது நாங்கள்தான் சொறிந்துவிடுகிறோம். அவன் சுகமாகக் கண்ணை மூடிக்கொள்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகையும் வருகிறது, நன்றியும் வருகிறது.