எங்கள் வீட்டு வாசனை அடித்த கார்

ஏழு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘மூளிக் காது’ என்றே பெயர். கோளாறு என் காதில் இல்லை, அம்மாவின் வாயில் இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமா இருந்தது சிதம்பரத்தில். அவர் வீட்டுக்கு நேரில் போய், தாம்பூலத் தட்டு வைத்து அழைக்க வேண்டும். அம்மாவோ, “இனிமே போனா சொந்தக் கார்லதான் அந்த வாசல்ல போய் எறங்குவேன்” என்று சபதம் போட்டுவிட்டாள். ஏதோ ஒரு விசேஷத்தில் மாமாவின் மனைவி, அதாவது என் அத்தை, “கடைசி பஸ்ஸு போயிடப் போவுது, கெளம்புங்க” என்றாளாம். அதுவும் இலைக்குப் பாயசம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டாளாம். சண்டைக்கு இதுதான் காரணம் என்று வீட்டில் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆகக்கூடி, என் காதில் தோடு ஏறுவதற்கு ஒரு கார் தேவைப்பட்டது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

அப்பாவுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ் வேலை. பைல் பார்ப்பார், கார் பார்க்கத் தெரியாது. அதனால் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டார். சித்தப்பா சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வாங்கியதில்லை. ஆனால் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே பழைய கார் நிபுணர் ஆகியிருந்தார்.

சிதம்பரம் சாலையில் இருந்த பழைய கார் கடையில் அவர் பண்ணிய அமர்க்களம் கொஞ்சநஞ்சமல்ல. கைக்குட்டையில் காந்தத்தைச் சுற்றி எல்லாக் கதவிலும் ஒட்டிப் பார்த்தார். “ஒட்டலேன்னா அடிபட்ட எடத்த பட்டி பூசி மறைச்சிருக்கான்னு அர்த்தம் அண்ணே” என்று அப்பாவுக்குப் பாடம் நடத்தினார். ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார். டயரில் அச்சடித்திருந்த வருஷத்தைக் குனிந்து படித்தார். ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று குடைந்தார். பானெட்டில் கையை வைத்துவிட்டுக் கடைக்காரரை முறைத்தார்.

“இன்ஜின் சூடா இருக்கே? நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டீங்களா?”

“வெயிலு சார்” என்றார் கடைக்காரர். வானம் கறுத்து மூடிக் கிடந்தது.

அம்மாவின் சோதனை வேறு. ஒவ்வொரு காரிலும் ஏறி உட்கார்ந்து, மடியில் தட்டு வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாவற்றிலும் சென்ட் பாட்டில் தொங்கியது. “தல வலிக்குதுங்க” என்று எல்லாவற்றிலிருந்தும் இறங்கினாள். கடைசியில் மூலையில் நின்ற வெள்ளைக் காரிடம் போனாள். கடைக்காரர் ஒரு சென்ட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். அதற்குள் அம்மா கதவைத் திறந்து உட்கார்ந்து, நன்றாக மூச்சை இழுத்துவிட்டாள்.

“இது நல்லாருக்குங்க. நம்ம வீட்ல இருக்கிற மாதிரியே இருக்கு.”

அப்பா தலையை உள்ளே விட்டார். “அட, ஆமா” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு கொஞ்சம் பள்ளம். கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறினால் முதல் விருந்தாளியாக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பீரோவைத் திறந்தாலும் தலையணையில் படுத்தாலும் அதே ஈர வாசனைதான் அடிக்கும். காந்தம், ஆயில், டயர் என்று அத்தனையும் பார்த்த சித்தப்பாவின் மூக்கும் அந்த வீட்டில் வளர்ந்த மூக்குதானே! கடைக்காரர் சென்ட் பாட்டிலை மெல்லச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “உங்களுக்குன்னே வந்த வண்டிம்மா” என்றார். அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஒரு நல்ல நாள் பார்த்து, தட்டும் பழமும் பூவுமாகச் சிதம்பரம் போனோம். மாமா வீட்டு வாசலில் அப்பா கம்பீரமாக ஹாரனை அழுத்தினார். சத்தம் வரவில்லை, வைப்பர் ஆடியது. ஆடி முடித்ததும் இன்ஜின் தானாகவே நின்றுபோனது.

“வாங்க மாப்ள!” என்று மாமா ஓடிவந்து அம்மா பக்கத்துக் கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “என்னா மாப்ள இது, வெள்ளத்துல கெடந்த வண்டியா?” என்று குனிந்து, கால்மிதியைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல். அதில் ஒரு குட்டி நத்தைக் கூடு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இத ஃப்ரீயா குடுத்தானா?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். சித்தப்பா இறங்கிப் போய் டயரின் வருஷத்தை மறுபடியும் படிக்கத் தொடங்கினார்.

அம்மா இறங்கவில்லை. தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாண்ணே, வெள்ளத்துல கெடந்ததுதான். நாங்களுந்தான் கெடந்தோம். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. இவள தோள்ல தூக்கிக்கினு நின்னேன். இங்கேர்ந்து கடலூரு எவ்ளோ தூரம்? ஒரு எட்டு வந்து பாத்தியா நீ?”

மாமாவின் சிரிப்பு அப்படியே நின்றது. எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. கார் நாறுகிறது என்று சொன்னால் கார் கதையைப் பேச வேண்டியதுதானே! எப்போதோ வந்துபோன வெள்ளத்தை எதற்கு இழுக்கிறாள்? கைக்கு எட்டிய தோடு காதுக்கு எட்டாமல் போய்விடும் போலிருந்தது.

மாமா பின்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். “குடும்மா” என்றார். வீட்டுக்குள் விளக்கின் முன்னால் வாங்க வேண்டிய தட்டை அந்த ஊறின சீட்டில் உட்கார்ந்தே வாங்கிக்கொண்டார். அத்தை காபியை வாசலுக்கே கொண்டுவந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

மாமாவின் கண்கள் சிவந்திருந்தன. பாவம், நாற்றம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன்.

“எங்க வீடும் இப்படித்தான் மாமா நாறுச்சு. தண்ணி வடிஞ்சதும் பக்கத்துத் தெருவுலேர்ந்து யார் யாரோ வந்தாங்க. சேத்தெல்லாம் அள்ளிப் போட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி வுட்டாங்க. நீங்களும் வந்து கழுவி வுட்டா இதுவும் சரியாயிடும்.”

மாமா தட்டின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்க அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் கழுவ வழி சொன்னதற்கு ஒரு பெரிய மனுஷன் ஏன் அழ வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் எதையோ சொல்லிக் காதுகுத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்து, அவரைவிடச் சத்தமாக நானும் அழத் தொடங்கினேன்.